ஒரு றிங் எண்டால் இருக்கிறன்

1

இல்லையில்லை, லாமா மிருகம் ஒன்று நேதன் அண்ணாவின் தொப்பியைத் தின்ற கதை வேறு. அதைத்தான் போன இடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் சொல்ல வந்தது சிரிக்காத கதை. அது டென்மார்க்கின் பிராண்டேயில் அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு ஹ்விடோவ்ரேயில் அண்ணா வீட்டுக்குத் திரும்பிய காரில் எனக்குக் கிடைத்தது. சாரங்கி அண்ணி ஓட்டினார். அண்ணா பின்சீற்றில் வாயைத் திறந்தபடி நித்திரை. கடலுக்கு மேலே போகும் அந்தப் பெரிய பாலத்தில் கார் ஏறியது.

"கிருபா, உனக்கு ஒண்டு சொல்லட்டே? பொலிவியா உப்புவெளிப் பயணத்திலை நான் ஒரு முழு நாள் போனை மறந்துபோனன்."

"அதிலை என்ன அண்ணி?"

"நீ எழுதிற ஆள்தானே. என்ன எண்டு கண்டுபிடி."

பாலம் பதினெட்டுக் கிலோமீற்றர். அது முடிவதற்குள் பாதிக் கதை வந்துவிட்டது. மிச்சத்துக்குத்தான் இந்தப் பாடு.

(கதைக்குள் அண்ணா, அண்ணி என்று எழுதினால் மரியாதை வந்து கையைப் பிடிக்கிறது. ஆகவே இனி அவன் நேதன், அவள் சாரங்கி. கல்யாணமாகி ஒரு வருடம். அவள் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள், அவன் காற்றாலை இறக்கை செய்கிறவன்.)

2

முதல் தொடக்கம்: "2009 ஏப்ரல் கடைசியில், முதுகுப்பைகளுடன் ஓர் இளம் தம்பதி லீமா நகரில் வந்திறங்கினர். பெரு, பொலிவியா, சிலி என அவர்களின்" — பயணக் கட்டுரை மாதிரி இருக்கிறது. விட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "வன்னியில் எறிகணைகள் வீழ்ந்துகொண்டிருந்த" — இதை எழுத எனக்கு என்ன தெரியும்? நான் டென்மார்க்கின் ஹேர்னிங் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். இதையும் விட்டேன்.

மூன்றாவது: சோறு வேகவில்லை.

இது நிற்கிறது. மலிவுப் பயணம் அல்லவா, விடுதிக் குசினியிலேயே சோறும் பருப்பும் சமைத்துக்கொள்ளலாம் என்று நேதன் ஒரு குட்டி றைஸ்குக்கரை டென்மார்க்கிலிருந்து காவிக்கொண்டு போயிருந்தான். ஆடையைக் குறைத்துக் குக்கருக்கு இடம் விட்டவன். பெருவின் குஸ்கோவில், மூவாயிரத்து நானூறு மீற்றர் உயரத்தில், தண்ணீர் கொதி கொதி என்று கொதித்தது. அரிசி கல்லாகவே கிடந்தது.

"இதென்னப்பா, அரிசியோ சரளைக்கல்லோ?"

"அரிசியிலை பிழையில்லை. உயரத்திலை தண்ணி வேளைக்கே கொதிச்சிடும். சூடு காணாது."

"இது தெரிஞ்சுகொண்டோ காவிக்கொண்டு வந்தனீங்கள்?"

"தெரிஞ்சிருந்தால் அந்த இடத்துக்கு ரெண்டு காற்சட்டை வைச்சிருப்பன்."

விடுதிக்கார அம்மா குக்கருக்குள் எட்டிப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், தன்னுடைய பிரஷர் குக்கரைத் தூக்கிக் கொடுத்தார். சாரங்கி யன்னலால் வெளியே பார்த்தாள். கூரைகளுக்கு மேல் மலை, அதற்கு மேல் இன்னொரு மலை, அதற்கும் மேலே, மேகம் என்று அவள் நினைத்திருந்த இடத்தில், பனி. டென்மார்க்கில் 'வானமலை' என்று பெயர் வைத்திருக்கும் மேடு நூற்று நாற்பத்தேழு மீற்றர். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் அதில் ஏறிவிட்டு உச்சிக்கு வந்துவிட்டதாக வீட்டில் வந்து பெருமையடித்தவள் அவள். தண்ணீர்கூடத் தன் குணத்தை மாற்றிக்கொள்ளும் உயரத்தில் நிற்கிறோமே என்று அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

3

இனிச் சித்தப்பாவைக் கொண்டுவரவேண்டும். தள்ளிப்போட்டுப் பார்த்தேன், முடியவில்லை.

ஆனந்தராஜா, சாரங்கியின் அப்பாவுக்குத் தம்பி. அப்பா இறந்து எட்டு வருடமாகிறது. அந்தப் பக்கத்தில் அவளுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே ஆள். ஏப்ரலில் சண்டைக்குள்ளிருந்து வெளியே வந்து வவுனியாப் பக்கத்து முகாமொன்றில் இருந்தார். இவர்கள் விமானம் ஏறுவதற்கு மூன்று நாள் முன்னம் அவருடைய அழைப்பு வந்தது. யாரோ கூடாரத்து மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்த போன்.

"பிள்ளை, வடிவாக் கேள். ஒரு றிங் அடிச்சு நிண்டால் நான் இருக்கிறன். திருப்பி எடுக்காதை. இஞ்சை ஆமிக்குச் சத்தம் கேட்டால் போன் வைச்சிருக்கிறவனையும் கொண்டுபோயிடுவாங்கள், என்னையும் கொண்டுபோயிடுவாங்கள். விடாமல் அடிச்சால் மட்டும் உடனை எடுத்துக் கதை. உன்னாலை ஒரு அலுவல் ஆகவேணும் எண்டு அர்த்தம்."

"என்ன அலுவல் சித்தப்பா?"

"அப்ப சொல்லுறன்."

அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

* முகாமில் இருந்த போனின் சத்தத்தை நிறுத்தி வைக்கலாமே என்று நானும் கேட்டேன். "பழைய போனடி. அதிர்ந்தாலே அடுத்த கூடாரத்துக்குக் கேக்கும்" என்றார் அண்ணி. கதையில் ஓட்டை கண்டுபிடித்தவர்கள் அந்தப் போனோடு சண்டை பிடிக்கவும்.

"சிம்மை மாமியிட்டைக் குடுத்திட்டுப் போவமே?" என்று நேதன் கேட்டிருக்கிறான்.

"அம்மாவிட்டையோ? ஒரு றிங் அடிச்ச உடனை ஒப்பாரியோடை திருப்பி எடுப்பா. சித்தப்பாவை நாங்களே பிடிச்சுக் குடுத்த மாதிரித்தான்."

ஆகவே போன் அந்தீஸ் மலைக்குப் போனது. குஸ்கோச் சந்தையில் ஒரு றிங். தித்திகாகா ஏரிக்கரையால் போன பஸ்ஸில் ஒரு றிங். எப்போதும் காலையில், எப்போதும் வேறு வேறு இலக்கத்திலிருந்து. சாரங்கி போனைத் தொடாமல் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு சிரிப்பாள். பக்கத்தில் இருக்கிறவர்கள், போன் எடுக்கத் தெரியாத பெண் என்று நினைத்திருப்பார்கள்.

4

மே பதினெட்டு. லா பாஸ் நகரத்து இன்ரநெற் கடையில் இருவரும் ஒரே கதிரையில் ஆளுக்குப் பாதியாக இருந்து செய்தி வாசித்தார்கள். சண்டை முடிந்துவிட்டது என்றிருந்தது. கோப்பன்ஹேகனில் பாராளுமன்றத்துக்கு முன்னால் எங்களுடைய ஆட்கள் நிலத்தில் குந்தியிருந்து அழுகிற படங்கள். சித்தப்பாவின் கடைசி றிங் வந்து நாலு நாளாகியிருந்தது. அடுத்து அவர்கள் போக இருந்தது உப்புவெளிக்கு. மூன்று நாள் ஜீப்பில். அங்கே சிக்னல் கிடையாது.

நான் எழுதியது இப்படி: நேதன் பிடிவாதம் பிடிக்கிறான், சாரங்கி மனமில்லாமல் பின்னால் போகிறாள். எழுதிக் கொண்டுபோய் ஹ்விடோவ்ரேயில் அவர்கள் வீட்டுக் குசினியில் வாசித்துக் காட்டினேன்.

"எடியே, என்னை ஏன் இப்பிடி ஒரு விசரனாக்கி வைச்சிருக்கிறாய்?" அண்ணா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். "நான்தான் போகவேண்டாம் எண்டனான்! சிக்னல் இருக்கிற இடத்திலை இருப்பம் எண்டு கெஞ்சினனான்!"

நான் அண்ணியைப் பார்த்தேன்.

"ஓம். போகவேணும் எண்டது நான்தான். அதை மாத்தாதை கிருபா. என்னை நல்ல பெட்டையா எழுதினாயெண்டால் இனி உனக்கு ஒண்டும் சொல்லமாட்டன்."

"ஏன் அண்ணி போகவேணும் எண்டு நினைச்சனீங்கள்?"

"நாலு நாளா அந்தப் போனையே பாத்துக்கொண்டிருந்தனான். குளிக்கேக்கையும் கையிலை. எனக்கு ஒருக்கா மூச்சு விடவேணும் போல இருந்துது. அவ்வளவுதான்."

இந்தச் சாரங்கியை எனக்கு எழுத வருமோ தெரியவில்லை. ஆனால் இவளைத்தான் எழுதவேண்டும்.

5

"வானம் தரையில் கிடந்தது. ஜீப் மேகங்களின் மேல் ஓடியது. கண்ணாடி போன்ற நீரில்" —

"தண்ணியோ?" என்றார் அண்ணி. "மே மாசம் அங்கை ஒரு சொட்டும் இல்லை, எல்லாம் காய்ஞ்சு போச்சு. நீ இன்ரநெற் படத்தைப் பாத்து எழுதியிருக்கிறாய்."

பிடிபட்டுவிட்டேன். அடித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன்.

காய்ந்த உப்பு. தேன்கூட்டை வெட்டிப் பரப்பியதுபோல் ஆறுமூலைக் கட்டங்கள், கண் போன மட்டும். கோப்பன்ஹேகன் இருக்கிற தீவு முழுவதையும் அப்படியே தூக்கி அங்கே வைத்தாலும் சுற்றிவர இடம் மிஞ்சும். தூரத்தில் கள்ளிச்செடி முளைத்த ஒரு மேடு தெரிந்தது. "பத்து நிமிச நடை" என்றான் நேதன். ஒரு மணித்தியாலம் நடந்தார்கள். மேடு இருந்த இடத்திலேயே இருந்தது. பெந்தகொஸ்தே வீட்டுப் பிள்ளை, பஸ் நேரத்துக்கு வந்தாலே அல்லேலூயா சொல்கிறவன், அங்கே வாயே திறக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். (அது லாமா தின்னாத தொப்பி. புதிதாக வாங்கியது.)

சாரங்கி முழங்காலிட்டு, பிறகு குப்புறப் படுத்து, உப்பில் காதை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பறவை இல்லை, இலை இல்லை, மனிதர் இல்லை. தன் இரத்தம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எல்லாம் தொடங்குவதற்கு முன்னம் உலகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. வெள்ளை, அந்த வெள்ளையின் — முடியவில்லை. என்னிடம் அதற்குச் சொல் இல்லை. அவளிடமும் இருக்கவில்லை. "சிரிச்சன் கிருபா. சும்மா கிடந்து சிரிச்சன்" என்றாள்.

அடுத்த நாள் இரத்தச் சிவப்பில் ஓர் ஏரி, அதில் ஆயிரக்கணக்கான பூநாரைகள் ஒற்றைக் காலில். நேதன் எண்ணத் தொடங்கிவிட்டுக் கைவிட்டான். சாரங்கி அன்று முழுவதும் பார்த்துக்கொண்டேயிருந்தாள், பார்த்துக்கொண்டேயிருந்தாள். தூசி படாமல் றைஸ்குக்கருக்குள் வைத்த போன் அவளுடைய ஞாபகத்துக்கு வரவேயில்லை.

இருபத்தியோராம் திகதி. அவளுடைய வாழ்க்கையில் ஆகச் சந்தோஷமான நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்லுவாளாம். சொல்லிவிட்டு உடனே வெட்கப்படுவாளாம்.

6

மூன்றாம் நாள் பின்னேரம் ஜீப் ஊருக்குள் நுழைய, சாரங்கி போனை எடுத்து இயக்கினாள். ஒரு குறுஞ்செய்தி வந்து விழுந்தது, டேனிஷில். நீங்கள் தொடர்பில் இல்லாத நேரத்தில் உங்களுக்கு ஓர் அழைப்பு வந்தது. 0094 என்று தொடங்கும் இலங்கை இலக்கம். இருபத்தியோராம் திகதி, காலை 9.10.

அவ்வளவுதான். அடித்தவர் ஒரு றிங்கோடு வைக்க நினைத்தாரா, விடாமல் அடிக்க நினைத்தாரா என்பது அதில் இல்லை. றிங்கே போயிருக்காது. அங்கே அவருடைய காதில் ஒரு டேனிஷ்காரி, நீங்கள் அழைத்தவர் தொடர்பில் இல்லை என்று அன்பாகச் சொல்லியிருப்பாள். சித்தப்பாவுக்கு டேனிஷ் தெரியாது.

அந்த ஊர்ப் போன் கடையில், உள்ளே நின்று கதைப்பதற்கு மரக்கதவு வைத்த சின்னச் சின்ன அறைகள். இருவரும் ஒன்றுக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"திருப்பி எடுப்பம்" என்றான் நேதன். "ஏதும் அவசரமா இருந்திருந்தால்?"

"சும்மா 'இருக்கிறன்' எண்டு சொல்ல அடிச்சிருந்தால்? நாங்கள் எடுக்க, அங்கை சத்தம் கேட்டால்?"

"ஒண்டரை நாளாச்சு சாரு."

"அதுதானப்பா. ஒண்டரை நாளா சித்தப்பா எங்கடை அழைப்பைப் பாத்துக்கொண்டிருந்திருந்தால்?"

"அது சித்தப்பாதான் எண்டு என்ன நிச்சயம்? வேறை ஆரும் அவரைப் பற்றிச் சொல்ல…"

"அதைச் சொல்லாதேங்கோ."

அவன் ரிசீவரை எடுத்து இலக்கத்தை அழுத்தத் தொடங்கினான்.

7

முடிவு (அ): திருப்பி எடுக்கிறாள். மறுமுனையில் "பிள்ளை" என்கிறார். எல்லாரும் அழுகிறோம். இது கல்யாண வீட்டு வீடியோ மாதிரி இருக்கிறது.

முடிவு (ஆ): எடுக்கவில்லை. மிச்சப் பயணத்தை விட்டுவிட்டு, சிக்னல் இருக்கிற அந்த ஊரிலேயே காத்திருக்கிறார்கள். அடுத்த நாள் காலையில் ஒரே ஒரு றிங். இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனாலேயே எனக்கு இதில் நம்பிக்கையில்லை.

முடிவு (இ): எடுக்கிறாள். மணி அடிக்கிறது. அடித்துக்கொண்டே

அதற்கு மேல் எழுதவில்லை.

இது நடந்து நாலு மாதம். எங்கள் வீட்டில் யாரும் சித்தப்பாவைப் பற்றிக் கதைத்து நான் கேட்டதில்லை. அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியாது. போன கிழமை நேரே கேட்டுவிட்டேன்.

"அண்ணி, கடைசியிலை திருப்பி எடுத்தனீங்களோ, இல்லையோ?"

அண்ணி அடுப்பைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீயெண்டால் என்ன செய்வாய்? முதல்லை அதைச் சொல்லு. யோசிச்சுச் சொல்லு. உப்பிலை கிடந்து சிரிச்சிட்டு வந்து நிக்கிறாய் எண்டதையும் சேர்த்து யோசி. நீ சொன்னால் மிச்சத்தை நான் சொல்லுறன்."

ஒரு கிழமையாக யோசிக்கிறேன். காலையில் ஓம் என்கிறேன், பின்னேரம் இல்லை என்கிறேன். இதை எழுதினால் தெளியும் என்று நினைத்தேன், தெளியவில்லை. அவர்கள் இன்னும் அந்த மர அறைக்குள்தான் நிற்கிறார்கள். உடுப்பெல்லாம் உப்பு. ரிசீவர் நேதனின் கையில், கடைசி இலக்கத்தை மட்டும் அழுத்தவில்லை. சாரங்கி கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். அங்கே நீங்கள் நிற்கிறீர்கள். அழுத்தச் சொல்லுவீங்களோ, வைக்கச் சொல்லுவீங்களோ?