பிரேக்குக்குப் பத்துக்குப் பத்து

கொம்பு வண்டியைப் பற்றி ஒரு குறை சொல்லிவிட்டு அந்த லாரி மைதானத்தில் நிம்மதியாக உட்கார்ந்தவன் கிடையாது. அடிதடி என்று நினைத்துவிடாதீர்கள், எல்லாம் பேச்சுதான். ரேடியேட்டருக்கு மேலே இரண்டு வளைந்த கொம்புகள் பொறித்த அந்தக் கம்பெனி லாரியைத் தவிர வேறெதையும் இருபத்தாறு வருஷமாகத் தொடாத ஒரு மனிதர் அங்கே இருந்தார். பிடித்துக்கொண்டால் உடும்புப்பிடி. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி ஊர் உலகத்துக்கு அவர் கொம்பர்.

கொம்பருக்கென்று ஒரு நியாயம் உண்டு. மைதானத்தில் நீல லாரி வைத்திருக்கும் நெட்டையரின் வண்டி நடுவழியில் நின்றால், அது வண்டியின் லட்சணம். கொம்பு வண்டி நின்றால், அது ஓட்டுகிறவனின் லட்சணம். எண்ணெய் மாற்றியிருக்க மாட்டான், கிளச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டியிருப்பான், பாரம் அளவுக்கு மேல் ஏற்றியிருப்பான். இதை அவர் இருபத்தாறு வருஷமாகச் சொல்லிச் சொல்லி, கேட்டவர்களுக்கும் உண்மை மாதிரியே ஆகிவிட்டது. நெட்டையர் மட்டும் விடமாட்டார். ஒரு நாளைக்கு இந்தக் கொம்பு உடையும், அன்றைக்கு மைதானத்துக்கே என் செலவில் டீ என்று சவால் விட்டிருந்தார்.

கொம்பரின் தங்கை புருஷன், அவர் வாய் நிறைய மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவர், பதினான்கு வருஷம் அடுத்தவன் வண்டி ஓட்டிய மனிதர். சொந்தமாக ஒரு லாரி வாங்குவதென்று முடிவானபோது அவர் கண் நீல வண்டி மேல்தான் இருந்தது. கொம்பர் சும்மா இருப்பாரா? மூன்று நாள் தங்கை வீட்டிலேயே பழியாய்க் கிடந்தார். கடைசியில் தங்கைதான், "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பேச்சை முடித்துவைத்தாள். கொம்பரும் தன் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுக்கிற நேரம் அது. ஒரே மாடல், ஒரே வாரம், ஒரே தொழிற்சாலையிலிருந்து இரண்டு வண்டிகள் வந்து இறங்கின.

சரியாக எட்டு மாதம் எல்லாம் நல்லபடியாக ஓடியது.

அந்த மாதம் மூன்றாம் தேதி, சிமெண்ட் மூட்டைப் பாரத்தோடு கொம்பர் ஒரு நீளமான இறக்கத்தில் வந்துகொண்டிருந்தார். முன்னால் போன பஸ் வேகம் குறைக்க, இவரும் பிரேக்கை மிதித்தார். மிதி அப்படியே தரைவரை போய்ப் படுத்துக்கொண்டது. கியரை இறக்கி, கைப்பிரேக்கை இழுத்து, ஓரத்தில் கொட்டிக்கிடந்த மணலில் ஏற்றி எப்படியோ நிறுத்தினார். இறங்கி நின்று தண்ணீர் குடித்துவிட்டு, அரை மணி கழித்து மறுபடி மிதித்துப் பார்த்தால் பிரேக் கல் மாதிரி நிற்கிறது! எண்ணெய் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. ஒருவேளை நாம்தான் சரியாக மிதிக்கவில்லையோ என்று அவருக்கே ஒரு நிமிஷம் தோன்றியது. மறுநாள் மறுபடி அதே கதை.

நியாயமாகப் பார்த்தால் மைதானத்துப் பட்டறைக்கே போயிருக்க வேண்டும். அங்கே போனால் சாயங்காலத்துக்குள் நெட்டையர் காதுக்குப் போய்விடும். ஐந்தாம் தேதி காலையில் கொம்பர் யாரிடமும், வீட்டுக்காரியிடம்கூட மூச்சு விடாமல், இரண்டு மணி நேரம் ஓட்டிப்போய், தன்னைத் தெரியாத ஊரில் தெரியாத ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை விட்டார். அவர் பிரேக் எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி, உள்ளேயிருந்த ரப்பர் வளையத்தை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். உப்பிப்போய், ஒரு பக்கம் மடங்கியிருந்தது.

"சூடு ஏறினா இது ஒதுங்கிக்குது, மிதி உள்ள போயிடும். ஆறினா பழையபடி உக்காந்துக்கும், யாருக்கும் தெரியாது. இந்த வரிசையில வந்த வண்டி எல்லாத்துலயும் இதே ரப்பர்தான் இருக்கும். கம்பெனிக்கு எழுதிப் போட்டுடுங்க," என்றார் மெக்கானிக்.

கொம்பர் சரி சரி என்று தலையாட்டினார். புது உருப்படியைப் போட்டுக்கொண்டு, ரசீது வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். எழுதவும் இல்லை, சொல்லவும் இல்லை. வெட்கமாக இருந்தது அவருக்கு. பெண்டாட்டி பிள்ளைகளைக்கூட நாலு பேர் முன்னால் திட்டியிருக்கிறார். கொம்பு வண்டியை அப்படி விட்டுக்கொடுத்ததே இல்லை.

பன்னிரண்டாம் தேதி கம்பெனியிலிருந்தே போன் வந்தது. ஒரு பெண் குரல், நல்ல மரியாதையான குரல். வண்டியைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்பாளாம், ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று இவர் சொல்ல வேண்டுமாம். எஞ்சின் பத்து, கியர் பத்து, இருக்கை பத்து என்று கொம்பர் அள்ளிக் கொடுத்தார். பிரேக் என்று கேட்டபோது மட்டும் தொண்டையைச் செருமினார். குறை ஏதாவது இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், அதே வரிசை வண்டிகளையெல்லாம் கூப்பிட்டுச் சரிபார்ப்போம் என்று அந்தப் பெண் தானாகவே எடுத்துக் கொடுத்தாள். அவர் மைதானத்தில் நின்றுகொண்டிருந்தார். நெட்டையர் நாலடி தள்ளித் தன் நீல வண்டிக்குக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார்.

"பத்துக்குப் பத்தும்மா," என்றார் கொம்பர், நெட்டையருக்கும் கேட்கிற மாதிரி.

அதற்காக மாப்பிள்ளையை மறந்துவிட்டார் என்று சொல்லக்கூடாது. அந்த நினைப்பு உள்ளுக்குள் அறுத்துக்கொண்டேதான் இருந்தது. பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, இதைச் சொல்லிவிட்டு வருவதற்கென்றே தங்கை வீட்டுக்குப் போனார். போன நேரம், மாப்பிள்ளை வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் கொம்பு வண்டியின் பெருமையை அளந்துகொண்டிருந்தார். எல்லாம் கொம்பரின் வசனம், ஒரு வார்த்தை பிசகவில்லை. "இதோ, எங்க மச்சானே வந்துட்டாரு, கேட்டுப் பாருங்க!" என்று வேறு இழுத்துவிட்டார். கொம்பர் கேட்டதற்கெல்லாம் ஆமாம் போட்டார். சாப்பிட்டார். பேச வாயைத் திறந்தபோதெல்லாம் மென்று விழுங்கினார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "மாப்பிள்ளை, இறக்கத்துல பிரேக்கை நம்பாம கியரை இறக்கியே ஓட்டுங்க," என்று மட்டும் சொன்னார். எந்த டிரைவரும் எந்த டிரைவருக்கும் சொல்கிற வார்த்தைதான். மாப்பிள்ளையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

பதினெட்டாம் தேதி பட்டப்பகலில் மாப்பிள்ளையின் லாரி ஓர் இறக்கத்தின் அடியில், தானியக் கிடங்கு ஒன்றின் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே போய் நின்றது. கிடங்குக் காவலாளி தண்ணீர் பிடிக்கப் போயிருந்ததால் தப்பினார். அவர் நாற்காலி சுக்குநூறாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு வலது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய கொம்பர் வழியெல்லாம், பிரேக்காக இருக்கக்கூடாது, பிரேக்காக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே ஓடினார்.

மாப்பிள்ளை இவரைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டார்.

"உங்க பேரைக் கெடுத்துட்டேன் மச்சான். மிதிச்ச மாதிரிதான் இருந்துச்சு. ஆனா கொம்பு வண்டி பிரேக் பிடிக்காம போகுமா? என் கால்தான் எங்கியோ நழுவியிருக்கு. கியரை இறக்கி ஓட்டுன்னு நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீங்களே, நான்தான் கேக்கல."

போலீசிடமும் அப்படியே சொல்லிவிட்டிருந்தார். வண்டியைச் சோதிக்க வந்த போக்குவரத்து ஆய்வாளர் நசுங்கிய கேபினுக்குள் எப்படியோ ஏறி மிதித்துப் பார்த்தார். ஆறிப்போன வண்டி. மிதி கல் மாதிரி நின்றது. பிரேக் நல்ல நிலையில் உள்ளது, ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை விசாரணை. கவனக்குறைவு என்று முடிவானால் உரிமம் மூன்று வருஷத்துக்குப் போய்விடும். அதற்குப் பிறகு யார் லாரி கொடுப்பார்கள்?

அதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. மாப்பிள்ளைக்குத் தன் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு, கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் நீட்டிவைத்து, அதையே முறைத்துக்கொண்டு கிடந்தார். வயசாகிவிட்டது, நரம்பு தளர்ந்துவிட்டது, இனி எந்த வண்டியையும் தொடமாட்டேன், அந்தக் காவலாளி அங்கே உட்கார்ந்திருந்தால் இந்நேரம் நான் கொலைகாரன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நாற்பத்திரண்டு வயதில் பேசுகிற பேச்சா இது? மூத்த மகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்றாலும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கொம்பர் தினமும் பழம் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார், தினமும் சொல்லாமல் திரும்பினார். மைதானத்தில் நெட்டையர் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. மாப்பிள்ளை கால் எப்படி என்று மட்டும் விசாரித்தார். சனியனே, கேலியாவது பேசித் தொலையேன் என்று கொம்பருக்கு அவர் மேலே எரிச்சல் வந்தது.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை காலை, தங்கை வீட்டுக் கூடத்துக் கட்டிலில் மாப்பிள்ளை ஒரு தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் கவனக்குறைவே காரணம் என்று எழுதி, கையெழுத்துப் போடப் பேனா தேடிக்கொண்டிருந்தார். தங்கை துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

கொம்பர் அந்தத் தாளைப் பிடுங்கிவிட்டார்.

"உங்க கால் ஒண்ணும் பண்ணல மாப்பிள்ளை. வண்டிதான். என் வண்டியிலயும் இதே மாதிரி ஆச்சு."

மாப்பிள்ளை முதலில் விழித்தார். பிறகு, விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக, சிரித்தார். எனக்காக நீங்கள் கொம்பு வண்டி மேலேயே பழி போடுவீர்களா மச்சான், வேண்டாம், பொய் சொல்லி நீங்கள் அவமானப்பட்டு எனக்கு ஒரு உரிமம் வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கொம்பர் ரப்பர் வளையத்தைச் சொன்னார், வெளியூர் மெக்கானிக்கைச் சொன்னார், சூடேறினால் ஒதுங்கும், ஆறினால் உட்காரும் என்று விளக்கினார். எவ்வளவு சொன்னாரோ அவ்வளவுக்கு மாப்பிள்ளை அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தார். இருபத்தாறு வருஷம் தலையில் ஏற்றியதை ஒரு காலைப்பொழுதில் இறக்க முடியுமா? தன் வாய்க்கே தன் வாய் எதிரியாகிவிட்டதை நினைத்துக் கொம்பருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

துணி மடித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. தங்கைக்கு லாரியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அண்ணன் முகத்தை நன்றாகத் தெரியும்.

"எப்ப ஆச்சு?" என்றாள்.

"கொஞ்ச நாளைக்கு முன்னாடி."

"அந்த ஞாயித்துக்கிழமை இங்க வந்து சாப்பிட்டியே. கியரை இறக்கி ஓட்டச் சொன்னியே. அப்பவே தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளை நம்பியே இருப்பார்.

"தெரியும்," என்றார் கொம்பர்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். உள்ளே போய்ப் பெரியவளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வந்தாள், பேனாவும் கொண்டுவந்தாள், அவர் முன்னால் வைத்தாள். கொம்பர் எழுதினார். என் வண்டியிலும் இதே கோளாறு இருந்தது, இரண்டு வண்டியும் ஒரே வரிசை, மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும், தேவையானால் மெக்கானிக்கை நேரில் கூட்டிவருகிறேன், இந்த விபத்தில் ஓட்டுநர் மேல் தவறில்லை. கையெழுத்துப் போட்டுத் தங்கையிடம் நீட்டினார். அவள் நின்றபடியே படித்தாள்.

"சில நாட்களுக்கு முன்புன்னு எழுதியிருக்க. தேதியைப் போடு."

"தேதி எதுக்கும்மா? கோளாறு இருந்துச்சுங்கறதுதானே முக்கியம்?"

"போடு."

எதற்கு என்று அவருக்குத் தெரியாதா என்ன! தேதி இல்லாத தாள் மாப்பிள்ளையைக் காப்பாற்றும், இவரையும் காப்பாற்றும். தேதி போட்டால், ஆய்வாளர் முதல் நெட்டையர் வரைக்கும் எவனும் இடையில் போன நாட்களை விரல் விட்டு எண்ணிவிடுவான். வேண்டாம் விடு, மச்சான் மனசைக் கஷ்டப்படுத்தாதே என்று மாப்பிள்ளை கட்டிலிலிருந்து மன்றாடிக்கொண்டிருந்தார். கொம்பர் தாளைத் திரும்ப வாங்கினார். சில நாட்களுக்கு முன்பு என்பதை அடித்துவிட்டு, அதன் மேலே ஐந்தாம் தேதி காலை என்று எழுதினார்.

அவள் அதை நேரே புருஷனிடம் கொடுத்தாள். மாப்பிள்ளை சிரித்த முகத்தோடுதான் படிக்க ஆரம்பித்தார். பாதியில் அந்தச் சிரிப்பு நின்றது. மறுபடி முதலிலிருந்து படித்தார். தாளை மடியில் வைத்துவிட்டு, கட்டுப்போட்ட வலது காலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கொம்பர் பக்கம் திரும்பாமல், பெண்டாட்டியைப் பார்த்து, "அப்ப நான் சரியாத்தான் மிதிச்சிருக்கேன்," என்றார்.