பாதி உறைந்த பாட்டில்

பாட்டில் மறுபடியும் இளகிக் கிடந்தது.

காலையில் டியூட்டிக்கு வந்ததும் சாப்பாட்டு அறை ஃப்ரீசரின் அடித்தட்டில், ஐஸ் பொதிகளுக்குப் பின்னால் அவள் ஒளித்துவைத்த தண்ணீர் பாட்டில் அது. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் கல்லாக உறைந்திருக்க வேண்டும். எடுத்துப் பார்த்தால் பாதி ஐஸ், பாதி தண்ணீர். யாரோ கைவைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, கூட வேலை பார்க்கும் அந்த ஊமைக்கோட்டானாகத்தான் இருக்கும் என்று புயல் பல்லைக் கடித்தாள்.

புயல் என்பது நோயாளிகள் வைத்த பெயர். காலில் சக்கரம் கட்டியதுபோல வார்டைச் சுற்றிவரும் நர்ஸுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஆனால் கொஞ்ச காலமாகப் புயலுக்குக் குதிகாலில் வலி. விடிந்து கட்டிலிலிருந்து காலை ஊன்றினால் ஆணியை மிதித்தாற்போல உயிர் போகும். நாலு எட்டு வைத்தால் இளகும். கொஞ்சம் உட்கார்ந்து எழுந்தால் திரும்ப ஆணி. அதனால் அவள் வேலை நேரத்தில் உட்காருவதையே விட்டுவிட்டாள்.

"நடக்கறத நிறுத்த வேணாம் சிஸ்டர். ஆனா அந்தக் காலுக்குக் கொஞ்சம் ஓய்வும் குடுங்க" என்றார் வெளியே ஒரு கிளினிக்கில் பார்த்த பிசியோதெரபிஸ்ட். சுவரைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலை இழுத்து நீட்டச் சொன்னார், உறைந்த பாட்டிலை உள்ளங்காலுக்கு அடியில் போட்டு உருட்டச் சொன்னார், வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்காதீர்கள் என்றார். ஓய்வைத் தவிர எல்லாவற்றையும் அவள் ஒழுங்காகச் செய்தாள்.

"லீவு போட்டாத்தான் என்ன? நீ போகலன்னா ஆஸ்பத்திரியை இழுத்து மூடிடுவாங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"மூடினாலும் மூடுவாங்க" என்றாள்.

லீவு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் கதை முடிந்தது. கீழ்த்தளத்தில் ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொள்ள இந்த வார்டிலிருந்து ஒருவரை அனுப்பப்போவதாக மேட்ரன் சொல்லியிருந்தார். ஜன்னல் இல்லாத அறை. பஞ்சையும் கையுறையையும் எடுத்துக் கொடுத்துவிட்டு நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். நொண்டுகிற நர்ஸைத்தான் முதலில் அனுப்புவார்கள் என்பதற்கு ஜோசியமா பார்க்க வேண்டும்? நோயாளி முகத்தைப் பார்க்காத வேலை தனக்கு உயிரோடு சமாதி என்று அவள் நினைத்தாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஊமைக்கோட்டான் தன் வேலையைக் காட்டத் தொடங்கினாள். போன வருஷம் வந்து சேர்ந்தவள், இளையவள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பாள். அந்தப் பெயர் புயல் மனதுக்குள் வைத்தது. வார்டில் ஒரு வழக்கம் உண்டு. அறை வாசலில் மணி விளக்கு எரிந்தால், யார் முதலில் போய் அணைக்கிறார்களோ அன்று முழுக்க அந்த நோயாளி அவர் பொறுப்பு. தாழ்வாரக் கடைசி அறைகளுக்கு யாரும் முந்திக்கொண்டு போவதில்லை. இவளோ விளக்கு எரிந்த மறுநொடி ஓடினாள். அதுவும் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கும் மேட்ரனின் கண்ணெதிரே.

நல்ல பெயர் வாங்குகிறாளாம். சரி, வாங்கட்டும். ஆனால் என் காலை ஏன் கண்கொத்திப் பாம்பாய்ப் பார்க்கிறாள்? துணி அறையில் சுவரைத் தள்ளியபடி காலை நீட்டிக்கொண்டிருந்தபோது கதவிடுக்கில் நின்றது யார்? ஒருநாள் கிட்டே வந்து, "அக்கா, கால் எப்படி இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"என் காலுக்கு என்ன?" என்று சீறினாள் புயல்.

அதற்கு மறுநாளிலிருந்துதான் பாட்டில் இளக ஆரம்பித்தது. கணக்கு சரியாக வந்தது. ஐஸ் கிடைக்காவிட்டால் புயல் நொண்டுவாள், நொண்டினால் மேட்ரன் பார்ப்பார். எவ்வளவு நைசாகக் குழி பறிக்கிறாள்! குழி பறிப்பவளைத் தள்ளிவிட்டால் என்ன தப்பு?

அன்று மாலை மேட்ரனின் அறைக்குப் போனாள். அக்கறை சொட்டும் குரலை வரவழைத்துக்கொண்டாள்.

"மேடம், அந்தப் பொண்ணு நடக்கறதைக் கவனிச்சீங்களா? சுவத்தைப் பிடிச்சுப் பிடிச்சு நடக்கறா. சின்னப் பொண்ணு, பாவம். உட்கார்ற வேலையா இருந்தா அவளுக்கு நல்லது."

இளையவள் சுவரைப் பிடித்ததை ஒரே ஒருமுறை பார்த்ததுண்டு. அந்த ஒன்றைத்தான் ஊதிப் பெருக்கினாள். மேட்ரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

மறுநாள் மதியம் புயல் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே சாப்பாட்டு அறைக் கதவைத் திறந்தாள். ஊமைக்கோட்டான் ஒரு பக்க ஷூவைக் கழற்றிவிட்டு மேசையோரமாக நின்றிருந்தாள். அவள் பாதத்துக்கு அடியில் பாட்டில் உருண்டுகொண்டிருந்தது.

"கையும் களவுமா மாட்டினியா! எதுக்குடி என் பாட்டிலை எடுக்கற?"

அவள் பதறிப்போய்க் காலை எடுத்தாள். "எனக்கும் குதிகால் வலிதான்க்கா. மழைக்காலத்துலேர்ந்து. நீங்க செய்யறதைப் பாத்துப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன்."

"மணி அடிச்சா வலியோட யாராவது அப்படி ஓடுவாங்களா? யார்கிட்ட கதை விடற?"

"உட்காந்து எழுந்தா உயிர் போகுதேக்கா. நடந்துக்கிட்டே இருந்தா தெரியல. அதான் தூர அறையா பாத்துப் போறேன்."

புயல் அவள் கழற்றிப்போட்ட ஷூவைப் பார்த்தாள். நோயாளி புரண்டு படுப்பதை வைத்தே எந்தப் பக்கம் வலி என்று சொல்லிவிடுகிறவள், கூட வேலை பார்க்கிறவள் ஏன் உட்காருவதே இல்லை என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள், சுருதி இறங்கி.

"பேச்சு எடுத்தேனேக்கா. சீறினீங்க. வெளிய தெரிய வேணாம்னு நினைக்கறாங்க போலன்னு விட்டுட்டேன். போன வாரம் மேட்ரன்கூட உங்களைப் பத்தி என்னைக் கேட்டாங்க, அவ நொண்டற மாதிரி தெரியுதேன்னு. இல்லவே இல்லைன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்."

அதற்குள் ஆயா வந்து எட்டிப் பார்த்து, "சின்ன சிஸ்டரை மேட்ரன் கூப்பிடறாங்க" என்றாள். இளையவள் அவசரமாக ஷூவை மாட்டிக்கொண்டு போனாள்.

புயலும் பின்னாலேயே போனாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே இளையவள் தலையாட்டுவது தெரிந்தது. அவள் வெளியே வந்ததும் மேட்ரன் நிமிர்ந்து இவளைப் பார்த்தார்.

"என்ன? உனக்கும் கால்ல ஏதாவது பிரச்சினையா?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தாள். ஜன்னல் இல்லாத அறை கண்முன் வந்து நின்றது.

"என் காலுக்கு என்ன மேடம்? நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

இளையவள் அன்றே ஸ்டோர் ரூமுக்குத் தன் பையைக் கட்டிக்கொண்டாள். போகும்போது, "இனிமே உங்க பாட்டில் நல்லா உறையும்க்கா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு புயலை விடவில்லை. விகல்பமில்லாமல் சிரித்தாளா? இல்லை, யார் சொன்னதென்று மேட்ரன் போட்டு உடைத்துவிட்டாரா? வீட்டில் வீட்டுக்காரர் பேசப் பேச அவள் மனதுக்குள் அதையே உருட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மதியம் ஃப்ரீசரைத் திறந்தாள். பாட்டில் கல்லாக உறைந்து கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அதைக் காலுக்கு அடியில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே இளையவள் உட்கார்ந்திருந்தாள். இவளைக் கண்டதும் மரியாதைக்கு எழுந்தாள். எழுந்தவள் முகம் சுளித்து மேசையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்த ஆணி புயலின் காலிலும் இறங்கியது.

"வாங்கக்கா. கால் எப்படி இருக்கு?"

"வலிக்குது" என்றாள் புயல். பாட்டிலை மேசைமேல் வைத்தாள். "உன்னை இங்க அனுப்பச் சொன்னது நான்தான்."

இளையவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்து, கையுறைப் பெட்டிகளை அடுக்கத் தொடங்கினாள். புயல் நின்றுகொண்டே இருந்தாள். பாட்டிலிலிருந்து தண்ணீர் வழிந்து மேசையில் பரவியது. இளையவள் பாட்டிலைத் தொடவே இல்லை.