தொண்ணூற்றுமூன்று

மூன்று மணிக்கு நடுவர்கள் வருவார்கள். பதினொன்றரைக்கே அவளுக்கு நாற்காலி முள்ளாகிவிட்டது. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

"காலுல சக்கரமா கட்டியிருக்கே?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

கோடைக்கால ஆய்வுத் திட்டம் அது. கணினித் துறைப் பக்கமே எட்டிப் பார்க்காத குடும்பங்களிலிருந்து எட்டுப் பேரை எடுத்திருந்தார்கள். எட்டு வாரம் முடிந்ததும் ஒருவருக்கு மட்டும் ஆய்வகத்தில் ஓராண்டு இடம். நேற்றுவரை அது தனக்குத்தான் என்று இருந்தாள்.

அவளுடைய ஊர்ப்பக்கத்து மக்கள் பேசும் பேச்சைக் கேட்டுக் கணினி எழுத வேண்டும்; அதுதான் அவள் எடுத்துக்கொண்ட ஆய்வு. குரல் பதிவுகள் எங்கும் கிடைக்காததால் வீட்டாரையே பேச வைத்தாள். அத்தை வாயைத் திறந்தால் மூடுவதில்லை. பாதி வாக்கியங்கள் அத்தையுடையவை. எல்லாவற்றையும் கலைத்து, பெரும்பங்கைக் கணினி கற்கவும் மீதியை அதற்குத் தேர்வு வைக்கவும் ஒதுக்கினாள். நூற்றுக்குத் தொண்ணூற்றுமூன்று வந்தது. போஸ்டரில் கொட்டை எழுத்தில் போட்டாயிற்று.

இன்று காலையில்தான் உறைத்தது. வாக்கியங்களைப் பிரித்தாளே தவிர ஆட்களைப் பிரிக்கவில்லை. கணினி ஏற்கெனவே கேட்டுப் பழகிய அத்தையின் குரலிலேயே தேர்வும் நடந்திருக்கிறது. அத்தையைக் கற்கும் பங்கிலிருந்து முழுக்க எடுத்துவிட்டு, தேர்வுக்கு மட்டும் வைத்து மறுபடி ஓட்டினாள்.

அத்தையே போனில் வந்தாள். "என்னடி, ஜெயிச்சாச்சா?"

"உன்னாலதான் அத்தே கெட்டேன்."

"நான் நல்லாத்தானே பேசினேன்!"

"அதான் வினை."

ஒரு மணிக்கு விடை வந்தது. ஐம்பத்தெட்டு.

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். "யாருக்குத் தெரியப்போவுது? வாயை மூடிக்கிட்டு இரு."

"எனக்கு இல்லேன்னா உனக்குத்தானே கிடைக்கும்?"

"அதனாலதான்டி சொல்றேன். அப்படி ஒரு இடம் எனக்கு வேணாம்."

மூன்று மணிக்கு அவள் நடுவர்கள் கண்ணெதிரிலேயே மார்க்கரால் தொண்ணூற்றுமூன்றை அடித்து, பக்கத்தில் ஐம்பத்தெட்டு என்று எழுதினாள். ஏன் என்று கேட்டார்கள். சொன்னாள். ஒருவர் குறித்துக்கொண்டார். மற்றவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

இடம் பக்கத்து மேசைக்காரிக்குப் போனது. அவள் கைதட்டலுக்கு நடுவே இவளைத் தேடினாள். இவள் அங்கே இல்லை.

இவளுடைய அடையாள அட்டை வெள்ளிக்கிழமைவரை ஆய்வகக் கதவைத் திறக்கும். இன்னும் மூன்று நாள். கணினி கேட்டே இராத குரல்கள் குறைந்தது இருபது வேண்டும். வாசலில் காவலாளி யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். இவளுடைய ஊர்ப்பக்கத்துப் பேச்சேதான்.

"அண்ணே, இந்த போன்ல கொஞ்சம் பேசுறீங்களா?"

"யாருகிட்டம்மா?"

"யாருகிட்டயும் இல்ல. சும்மா பேசுங்க."

"டியூட்டில பேசக் கூடாதும்மா," என்றவர், தன் முழங்கால் வலியில் ஆரம்பித்தார்.