பேசாத போன்

கோபிச்செட்டிபாளையத்து மாப்பிள்ளை வீட்டார் மதியத்துக்குள் போன் செய்து கல்யாண முடிவைச் சொல்வதாக ஏற்பாடு. அதனால் காலையிலேயே ஐயாசாமி மகள் கிருபாவிடம், கம்ப்யூட்டரைப் போன் லைனோடு இணைக்கும் மோடத்தின் வயரைப் பிடுங்கச் சொல்லிவிட்டார். ஆர்.எஸ்.புரத்து வீட்டில் இருந்தது ஒரே லைன். ராத்திரியானால் அது கிருபா கம்ப்யூட்டரில் நடத்தும் புல்லட்டின் போர்டுக்குப் போய்விடும். கம்ப்யூட்டர் வைத்திருந்த ஊர்க் கிறுக்குகள் ஒவ்வொருவராக அதற்கு டயல் செய்து நுழைந்து, புனைபெயரில் அரட்டை அடித்துவிட்டுப் போவார்கள். பகலில் கூப்பிடக் கூடாது, சொந்தப் பெயரைக் கேட்கக் கூடாது என்று அவர்களுக்குள் சட்டம் வேறு.

போன் அடித்தது. ஐயாசாமி பாய்ந்து எடுத்து, சிரித்த முகமாக ஹலோ சொன்னார். பதில் இல்லை. வைத்தார். மறுபடி அடித்தது, மறுபடியும் பேச்சில்லை. அடுத்த முறை அவர் முகம் கறுத்துவிட்டது. கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீட்டில் பேசாத போன் வந்தால் அந்தக் காலத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

“எவன் கண்ணு அவன்?” என்றார்.

கிருபாவுக்கு அந்தப் பக்கம் எவனும் இல்லை, ஒரு மோடம்தான் காத்திருக்கிறது என்று புரிந்துவிட்டது. பகல் சட்டத்தை மீறி இப்படி விடாமல் அடிப்பவர்களுக்கு என்ன ஆபத்தோ?

“அப்பா, இந்த ஒருக்கா எடுக்காதீங்க. உங்க கால்ல உளுகறேன்.”

வயரைச் செருகி கம்ப்யூட்டரைப் போட்டாள். அது கண் விழிப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. போன் அடித்தபோது ஐயாசாமியின் கை ரிசீவர்மேல்தான் இருந்தது. மகளின் முகத்தைப் பார்த்து, எடுக்காமல் விட்டார். மோடம் கீச்சிட்டுக் கத்தி ஓய்ந்தது.

வந்தது ‘வாயாடி’. போர்டிலேயே அதிகம் வம்பளக்கும் ஆள். மீசை வைத்த காலேஜ் பையன் என்றே கிருபா இத்தனை நாளும் நினைத்திருந்தாள். ஆங்கில எழுத்தில் தமிழ் தடுமாறி வந்தது: அம்மா விழுந்துட்டாங்க. கண்ணைத் திறக்கலை. தெருவே கல்யாணத்துக்குப் போயிருச்சு.

ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணாமல் இங்கே எதற்கு வந்தாய் என்று கிருபா ஆத்திரத்தோடு தட்டினாள்.

திரையில் பதில் வந்தது: எனக்குக் காது கேக்காது. பேச வராது. இந்த நம்பர்தான் எனக்குப் பதில் சொல்லும்.

பின்னால் நின்ற ஐயாசாமி அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். கிருபா சட்டத்தை உடைத்து, பெயரும் விலாசமும் கேட்டாள். ரம்ஷா. உக்கடம், பள்ளிவாசலுக்குப் பின்சந்து, பச்சைக் கேட்.

ஆஸ்பத்திரிக்குச் சொல்ல இந்த லைனை அறுத்தாக வேண்டும். அறுத்தால் அந்தப் பெண் தனியாகிவிடுவாள். ‘கதவைத் திறந்து வைத்து வாசலில் நில். தட்டினால் உனக்குக் கேட்காது’ என்று அடித்துவிட்டு, மனதைக் கல்லாக்கிக்கொண்டு துண்டித்தாள்.

அவள் ஆம்புலன்ஸுக்கு டயல் செய்யும்போதே ஐயாசாமி ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டார்.

“நாந்தானே கண்ணு ஒவ்வொருக்காவும் வெச்சுப்போட்டேன்,” என்றார்.

ரம்ஷாவின் அம்மா ரம்ஜான் பீவி பிழைத்துக்கொண்டார். வலது கை மட்டும் முன்போல இல்லை. கோபிக்காரர்கள் அப்புறம் கூப்பிடவில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால் ஐயாசாமி பேச்சை மாற்றிவிடுவார். பேசாத போன் வந்தால் மட்டும் அவர் வைப்பதில்லை.

“வெச்சுப்போடாத கண்ணு, இதா கிருபா வாரா,” என்பார்.

அந்தப் பக்கம் கேட்காது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லிவிட்டுத்தான் வயரைச் செருகுவார்.