லட்சுமி என்று பெயர் போட்ட படம்

ஞாயிற்றுக்கிழமைகளில் சாமான் வாங்கத் தெரணியகலைக்கு வரும் சுப்பம்மா, பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் போவது மர்சூக்கின் கொமினிகேஷன் கடைக்குத்தான். மகள் கலைச்செல்வி அங்கே இரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். போட்டோ கொப்பி எடுப்பது, வெளிநாட்டுக்குக் கோல் போட்டுக் கொடுப்பது, மூலையில் இருக்கும் ஒரே கம்பியூட்டரில் வருகிறவர்களுக்கு ஈமெயில் அனுப்பிக் கொடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. 2007ஆம் ஆண்டு ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில் சுப்பம்மா கடைக்குள் நுழைந்தபோது மகள் வழக்கம்போல் சிரிக்கவில்லை.

"அம்மா, இங்க வந்து இதப் பாருங்க. பாத்துட்டுச் சத்தம் போடாதீங்க."

திரையில், உதவி கேட்கும் ஒரு இண்டர்நெட் பக்கத்தில், சுப்பம்மாவின் முகம் இருந்தது. நெற்றியில் கூடைக் கயிறு, தலையில் மடித்துப் போட்ட படங்குச் சாக்கு, கன்னத்தில் தண்ணீர்த் துளிகள். பெரிதாக, கன்னத்து மச்சம்கூடத் தெரிகிற அளவுக்கு.

"கீழ என்ன எழுதியிருக்கு?"

கலைச்செல்வி ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சொன்னாள். "இவர் பேரு லட்சுமி. பள்ளிக்கூடம் போனதில்ல. குடிகாரப் புருசன்கிட்ட தெனமும் அடி வாங்கிக்கிட்டு ஆறு பிள்ளைகள வளக்கிறாரு. ஒங்க உதவி இவரோட கண்ணீரத் தொடைக்கும்."

சுப்பம்மா திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தாள். பிறகு, "அது கண்ணீர் இல்ல. மழைத் தண்ணி" என்றாள்.

மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவள் ஏழாம் வகுப்புவரை படித்தவள். தோட்டத்து மாதர் சங்கத்தின் கூட்டக் குறிப்பை அவள்தான் எழுதுவாள். பிள்ளைகள் இரண்டே பேர். மூத்தவன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான். கணவர் இராமசாமி தேயிலை ஃபெக்டரியில் ரோலர் அறையில் வேலை செய்தவர். நாலு வருடத்துக்கு முன் எலிக்காய்ச்சல் வந்து, அவிசாவளை ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் இறந்துபோனார். கலியாண வீட்டில்கூடக் கிளாஸைத் தொடாத மனுசன்.

போன வருடம் ஒரு வான் வண்டி வந்தது அவளுக்கு நினைவிருந்தது. கொழும்பில் இருக்கும் ஒரு தொண்டு நிறுவனம் என்றார்கள். மழைத் தூறலில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த நேரம். ஷாமிளா என்ற பெண் நல்ல மாதிரியாகப் பேசினாள். கெமராக்காரன் மட்டும், நிறுத்து முடித்த கூடையைத் திரும்பத் தலையில் மாட்டச் சொன்னான். கூச்சத்தில் சுப்பம்மாவுக்குச் சிரிப்பு வந்தபோது, சிரிக்க வேண்டாம் என்றான். போகும்போது ஒரு குடை கொடுத்து, ஆங்கிலத்தில் இருந்த ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். குடை வாங்கியதற்கான கையெழுத்து என்றுதான் அவள் நினைத்தாள்.

"இத எடுக்கச் சொல்லி எழுது" என்றாள் மகளிடம்.

"எழுதுறேம்மா. கேப்பாங்களான்னு தெரியாது."

"கேக்கலன்னா திரும்ப எழுது."

பதில் வர ஒன்பது நாள் ஆனது. சுப்பம்மா ஒப்புதல் கையெழுத்து வைத்திருக்கிறார், அவருடைய பாதுகாப்புக்காகவே பெயரை மாற்றியிருக்கிறோம், இந்தப் படம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உதவி திரட்டப் பயன்படுகிறது என்று எழுதியிருந்தார்கள். அடியில் ஷாமிளாவின் தொலைபேசி இலக்கம் இருந்தது. அடுத்த ஞாயிறு கடைக்கு வந்த சுப்பம்மா, மகளைப் பேசவிடாமல் ரிசீவரைத் தானே வாங்கிக்கொண்டாள்.

"அம்மா, உங்க பேரே அதுல இல்லையே" என்றாள் ஷாமிளா. "யாருக்கும் நீங்கன்னு தெரியாது."

"மூஞ்சி இருக்கே மிஸ். எங்க தோட்டத்துல எழுநூறு பேரு இருக்காங்க. எல்லாருக்கும் இது சுப்பம்மா மூஞ்சின்னு தெரியும்."

"அவங்க யாரும் இண்டர்நெட் பாக்கிறது இல்லையே அம்மா."

"என் மகதான் பாத்து எனக்குச் சொன்னா."

ஷாமிளா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நான் படத்த மட்டுந்தான் குடுத்தேன். எழுதினது வேற ஆளு. பல பேரோட கதைய ஒண்ணாச் சேத்து எழுதுவாங்க. அது ஒரு மொற."

"அப்ப பல பேரோட மூஞ்சியவும் ஒண்ணாச் சேத்துப் போடுங்க. என்னோடத எடுத்துருங்க" என்று சொல்லி சுப்பம்மா ரிசீவரை வைத்தாள். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த காசை அவிழ்த்து, கோலுக்கான பணத்தை மேசையில் வைத்தாள்.

செய்தி தோட்டத்துக்கு அவளுக்கு முன்னமே போய்ச் சேர்ந்திருந்தது. திங்கட்கிழமை மடுவக் கொட்டகையில் கொழுந்து நிறுக்கும்போது தொழிற்சங்கத் தலைவர் சுதாகரன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கொழும்புலேர்ந்து எனக்குப் பேசுனாங்க. நம்ம கீழ் லயத்து வீடுகளுக்குத் தண்ணி டேங்க் கட்டித் தாறதா இருக்காங்க, தெரியுந்தானே? இந்த நேரத்துல நீங்க இப்பிடிப் பண்ணுனா எப்பிடி?"

"தண்ணி வேணும் தலைவரே. நானும் அந்த லயந்தான். அதுக்காக செத்துப்போன மனுசன் குடிகாரனா ஆகணுமா?"

"ஒரு படந்தானே."

"ஒங்க சம்சாரத்தோட படம்னா?"

சுதாகரன் தராசுப் பக்கம் திரும்பிப் போய்விட்டார். ஆனால் பக்கத்து வீட்டுச் சின்னம்மா சொன்னதுதான் சுப்பம்மாவைக் குத்தியது. சின்னம்மாவுக்கு இரண்டு முழங்காலும் வீக்கம். தண்ணீர் விழும் பீலியிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு ஐம்பத்திரண்டு படி ஏற வேண்டும். பாதி வழியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "ஒங்க மானத்துக்கு நாங்க இன்னும் எத்தன வருசம் தண்ணி தூக்குறது?" என்று கேட்டாள். சுப்பம்மா அந்தக் குடத்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள். சின்னம்மா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை.

அன்றிரவு சுப்பம்மா, விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தாள். ஆனால் சுவரில் தொங்கிய இராமசாமியின் படத்தைப் பார்க்கையில், இவர் பெயரைச் சொல்லாமலே இவரைக் கெடுத்துவிட்டார்களே என்ற ஆத்திரம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

யோசனை கலைச்செல்வியுடையது. இண்டர்நெட்டில் காசு கட்டாமலே நாமாக ஒரு பக்கம் திறக்கலாம், தமிழிலேயே எழுதலாம், இந்தியாவிலும் யாழ்ப்பாணத்திலும் நிறையப் பேர் அப்படி எழுதுகிறார்கள் என்றாள். "அவங்க ஒங்களப் பத்திச் சொன்னாங்க. நீங்களே ஒங்களப் பத்திச் சொல்லுங்க."

மர்சூக் முதலில் தயங்கினார். தாடியைத் தடவிக்கொண்டே கடை வாசலைப் பார்த்தார். எதிரே சந்தியில் ஆமிக்காரர்கள் ஒரு த்ரீவீலரை நிறுத்தி அடையாள அட்டை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, காலம் சரியில்ல. தமிழ்ல என்னமோ எழுதுறாங்கன்னு யாராச்சும் போய்ச் சொன்னா, என்ட கடைக்கித்தான் வருவாங்க."

"அப்ப வேணாமா மர்சூக் நானா?"

அவர் பதில் சொல்வதற்குள், உள்ளே கணக்குப் புத்தகங்களுக்கு மட்டை போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி ஸாஹிரா எழுந்து வந்தாள். சிங்களப் பாடசாலையில் படித்தவள். "மறைச்சு எழுதினாத்தான் சந்தேகம் வரும்" என்றாள். "சொந்தப் பேரப் போட்டு எழுதட்டும். நான் சிங்களத்துலயும் எழுதித் தாறேன். யார் வந்து கேட்டாலும் வாசிச்சுப் பாக்கட்டும். இதுல ஒளிக்க என்ன ஈக்குது?"

மர்சூக் மனைவியைப் பார்த்தார், சுப்பம்மாவைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம லுஹர் தொழுகைக்குப் பொறகு ஆள் வாறது கொறவு. அப்ப செய்ங்க" என்றார்.

படம் எடுத்தது கபூர். கலியாண வீடுகளுக்குப் படம் பிடிக்கிறவர், புதிதாக ஒரு டிஜிட்டல் கெமரா வாங்கியிருந்தார். கொழுந்து மலைக்குப் போய் எடுக்கலாமா என்று கேட்டார். சுப்பம்மா வேண்டாம் என்றாள். லயத்து வாசலில், நாற்காலி போட்டு, மாதர் சங்கக் குறிப்புப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எடுத்த ஆறு படங்களையும் கெமராவிலேயே பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அதில் அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுதுவதில்தான் தாய்க்கும் மகளுக்கும் சண்டை வந்தது. கலைச்செல்வி அப்பாவைப் பற்றி ஒரு பத்தி டைப் அடித்திருந்தாள். அவரைப்போல் ஒரு மனிதர் தோட்டத்திலேயே இல்லை, அம்மாவிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை என்று. வாசித்துக் கேட்ட சுப்பம்மா மறுத்துத் தலையை ஆட்டினாள்.

"இது யாரு? ஒங்கப்பா சீட்டு வெளாடுவாரே. சம்பளத்தன்னிக்கு வெளாடிட்டு வந்து நாங்க ரெண்டு பேரும் கத்துனது ஒனக்கு ஞாபகம் இல்லயா?"

"அதயெல்லாம் ஏம்மா எழுதணும்? அவங்களுக்கே சாதகமாப் போயிரும்."

"போகட்டும். அவங்க இல்லாதத எழுதினாங்கன்னுதானே நம்ம சண்டை போடுறோம். நம்மளும் இல்லாதத எழுதினா?"

கலைச்செல்வி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்தப் பத்தியை அழித்தாள். அம்மா சொல்லச் சொல்ல அடித்தாள்.

"என் பெயர் சுப்பம்மா. லட்சுமி என்று போட்டிருக்கும் படத்தில் இருப்பது நான். ஏழாம் வகுப்பு படித்தேன். இரண்டு பிள்ளைகள். என் கணவர் இராமசாமி ஃபெக்டரியில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தார். அவர் குடித்ததில்லை. சீட்டு விளையாடுவார், அதற்காகச் சண்டை போட்டிருக்கிறோம். என்னை அடித்ததில்லை. எங்கள் லயத்தில் இருபத்து நாலு வீட்டுக்கு ஒரு பீலிதான். தண்ணீர் டேங்க் வேண்டும் என்று ஆறு வருடமாகத் தோட்ட ஆபீசுக்கு எழுதுகிறோம், கடிதக் கொப்பிகள் என்னிடம் இருக்கின்றன. உதவி செய்கிறவர்கள் இதற்காகச் செய்யலாம். என் படத்தை என்னைக் கேட்காமல் போட வேண்டாம். போட்டால், கீழே என்ன எழுதுகிறீர்கள் என்று என் பாஷையில் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும்."

ஸாஹிரா அதைச் சிங்களத்தில் எழுதினாள். ஆங்கிலத்தில் கலைச்செல்வியே எழுதினாள், அகராதி பார்த்து, மூன்று ஞாயிறு செலவழித்து. பக்கத்தை ஏற்றிய அன்று மழை. லைன் இரண்டு தடவை அறுந்து, மூன்றாம் தடவைதான் படம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகத் திறந்தது. சுப்பம்மா கடைசிக் கோடு வரும்வரை நின்று பார்த்தாள்.

ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தப் பக்கத்தைக் கண்டு கனடாவிலிருந்து ஒரு ஆசிரியை எழுதினார். லட்சுமியின் படத்தைப் பார்த்து உதவி அனுப்பியவர்களில் அவரும் ஒருவர். கலைச்செல்விக்கு எழுதிய கையோடு கொழும்பு நிறுவனத்துக்கும் எழுதியிருந்தார். அவரைத் தொடர்ந்து இன்னும் பதினொரு பேர் எழுதினார்கள்.

கார்த்திகை மாதம் அதே வான் தோட்டத்துக்கு வந்தது. இந்தத் தடவை கெமராக்காரன் இல்லை. ஷாமிளா மட்டும் லயத்துக்கு நடந்து வந்தாள். சுதாகரன் கூட வந்தார். சின்னம்மா வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மன்னிச்சிருங்க" என்றாள் ஷாமிளா. "புதுசா ஒரு நல்ல கதையாப் போட்டுருவோம். போராடின தாய்ன்னு. இந்தத் தடவ காகிதம் தமிழ்ல இருக்கு."

சுப்பம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தைச் சத்தமாகவே வாசித்தாள். 'எந்த ஊடகத்திலும், எக்காலத்திலும், எந்த நோக்கத்துக்கும்' என்ற இடத்தில் நிறுத்தி, திரும்ப ஒரு தடவை வாசித்தாள்.

"இதுதான் போன தடவயும் இருந்துச்சா?"

ஷாமிளா தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமா."

"எனக்குப் புதுக் கதை வேணாம் மிஸ். பழசு போகணும். டேங்க் வருமா வராதா, அத மட்டும் இவங்க முன்னாடி சொல்லுங்க."

ஷாமிளா வாசலுக்கு வெளியே போய், கைத்தொலைபேசிக்கு சிக்னல் கிடைக்கும் கொய்யா மரத்தடியில் நின்று நெடுநேரம் பேசினாள். திரும்பி வந்து, படத்தை எடுத்தாயிற்று என்றாள். டேங்க் வேலை தை மாதம் தொடங்கும் என்றும் சொன்னாள். சுதாகரன் பெருமூச்சு விட்டார். சின்னம்மா உள்ளே போய் மூன்று பேருக்கும் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள்.

டேங்க் சித்திரையில் வந்தது. சொன்னதைவிடச் சிறியது. ஆனால் காலையில் இரண்டு மணி நேரம் லயத்திலேயே தண்ணீர் வந்தது.

படம் மட்டும் முழுதாகப் போகவில்லை. நீக்குவதற்கு முன்பே வேறு மூன்று இணையத் தளங்கள் அதை எடுத்துப் போட்டிருந்தன. கலைச்செல்வி சோர்ந்துபோனாள். "ஒரு எடத்துல எடுத்தா இன்னொரு எடத்துல இருக்கும்மா. இதுக்கு முடிவே இல்ல."

"மூணு எடம்னு சொல்றே. மூணு பேருக்கும் எழுது."

இரண்டு தளங்கள் எடுத்துவிட்டன. மூன்றாவது எத்தனை எழுதியும் பதில் போடவில்லை. அது இத்தாலிப் பாஷையில் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதினால் வாசிக்கிறார்களோ என்னவோ என்றாள் கலைச்செல்வி.

சுப்பம்மா ஒரு வாரம் விசாரித்தாள். இத்தாலியின் மிலானில் எட்டு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பிய குசுமா நோனா என்ற சிங்களப் பெண், தெரணியகலை ஆற்றங்கரையில் புது வீடு கட்டியிருப்பதாக பஸ் கண்டக்டர் சொன்னார். பௌத்தர்களின் வெசாக் போயா அன்று, பந்தல் கட்டுகிற சத்தத்துக்கு நடுவே, தாயும் மகளும் அந்த வீட்டு வாசலில் நின்றார்கள். சுப்பம்மா சிங்களத்தில் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள், சீட்டு உட்பட. குசுமா நோனா இடையில் பேசாமல் கேட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்துவந்து மேசையில் போட்டாள்.

"அங்க என்னையும் ஒரு வீட்டுல பேர மாத்தித்தான் கூப்பிட்டாங்க" என்றாள் சிங்களத்தில். "மரியான்னு."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனாவைத் திறந்தாள். "மெதுவாச் சொல்லுங்க. மொதல்ல ஒங்க பேரு."