தண்ணீர் வார்க்கும் நேரம்

கோயில் நகரமான பாகனில் சேவல் கூவுவதற்கு முன்பே வழிகாட்டிகள் கூவிவிடுவார்கள். விடுதி வாசலில் நின்று வழிகாட்டிப் பெண் மா நீலார் கைதட்டியபோது மியா யின் எழுந்து தலைவாரி, இரண்டு கன்னத்திலும் தனாக்கா மரப்பட்டைச் சாந்து குழைத்துப் பூசிக்கொண்டு கட்டில் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர், பெயர் தான் பே, அதற்கும் முன்னாலேயே எழுந்து தெருவுக்குப் போய், குதிரை வண்டிக்காரனுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வண்டிக்காரன் பிறந்ததே அந்தத் தெருவில்தான்.

தான் பே பியின்மனாவில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் நாட்டு ரயில் என்றைக்கு நேரத்துக்கு வந்திருக்கிறது? ரயில்தான் பேச்சைக் கேட்கவில்லை, வீடாவது கேட்கட்டும் என்று அவர் வீட்டைப் பிடித்துக்கொண்டார். சோறு எப்போது, தூக்கம் எப்போது, மகளுக்கு மாப்பிள்ளை எந்த ஊரில் என்று எல்லாவற்றுக்கும் அவர்தான் பச்சைக்கொடி காட்டுவார்.

இந்தப் பயணமும் அவர் ஏற்பாடுதான். ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவியவர், நாம் இரண்டு பேர் மட்டும் பாகனுக்குப் போகிறோம், பிள்ளைகள் வேண்டாம், சொந்தக்காரர்கள் வேண்டாம், விடியற்காலை அங்கே ஒரு சின்னக் கோயிலில் புத்தருக்குச் சீவர ஆடை சாத்திவிட்டுச் சேர்ந்து தண்ணீர் வார்த்துவிட்டு வருவோம் என்றார். மியா யின் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கை தட்டைக் கழுவியது; மனம் ஒரே ஒரு விஷயத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. பாகன் கோயிலில் அடுப்படி கிடையாது.

அடுப்படிக்கும் கோயிலுக்கும் என்ன சம்பந்தம் என்றால், சொல்கிறேன். எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு இது. தானம் செய்து முடித்து, ஒரே கிண்ணத்தைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வார்த்தவர்கள் அடுத்த பிறவியிலும் சந்தித்தே தீருவார்கள். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாதவன் தன் வெற்றிலையை நீட்டினால்கூட, எந்தப் பிறவியில் சேர்ந்து தண்ணீர் வார்த்தோமோ என்போம். புருஷன் பெண்டாட்டி என்றால் கேட்கவே வேண்டாம். விரலோடு விரல் சேர்த்துக் கிண்ணத்தைப் பிடிப்பார்கள்.

மியா யின் பிடித்ததில்லை. கல்யாணமாகி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஒரு தடவைகூடப் பிடித்ததில்லை. மகனுக்குத் துறவாடை போட்ட விழாவில் பிக்கு தண்ணீர் வார்க்கச் சொன்ன நேரத்தில் மோஹிங்கா மீன்குழம்பு அடிப்பிடிக்கிறது என்று ஓடினாள். ஊருக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தபோது கைக்குழந்தை அழுதது. அழாத குழந்தையைக் கிள்ளிவிட்டது யார் என்று குழந்தைக்கும் அவளுக்கும்தான் தெரியும். மழைக்காலம் முடிந்து ஆடை தானம் செய்கிற ஒவ்வொரு வருஷமும் அவளுக்கு அடுப்படியில் ஏதாவது ஒரு வேலை முளைத்துவிடும். பாவம், எவ்வளவு உழைப்பு என்று உறவுக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

தான் பே கெட்டவராக இருந்தால் கதை சுலபம். குடிக்க மாட்டார். சம்பளத்தைப் பிரிக்காத உறையோடு அவள் கையில் கொடுத்தவர். அவளுக்கு டைபாய்டு வந்தபோது இரவெல்லாம் உட்கார்ந்து நெற்றிக்கு ஈரத்துணி மாற்றியவர். மியா யின் கொடுத்து வைத்தவள் என்றுதான் ஊரே சொல்லும். அவளும் இல்லை என்று சொன்னதில்லை.

ஆனால் கல்யாணமான முதல் வருஷம் ஒன்று நடந்தது. வீட்டில் முதல் தானம். வயதான பிக்கு புதுப்பெண்ணைப் பார்த்துச் சிரித்து, நீ என்ன வேண்டிக்கொள்ளப் போகிறாய் என்று கேட்டார். அவளை அப்படி யாரும் கேட்டதே இல்லை. அவள் யோசித்து வாயைத் திறப்பதற்குள், “நான் வேண்டுறதையேதான் சாமி அவளும் வேண்டுவா” என்றார் தான் பே. எல்லோரும் சிரித்தார்கள். பிக்குவும் சிரித்தார். மியா யின்னும் சிரித்தாள். பிறகு ஏதோ கருகுகிற வாசனை வருகிறது என்று எழுந்து உள்ளே போனாள். அங்கே எதுவும் கருகவில்லை. அன்றிலிருந்து ஆரம்பித்ததுதான் இந்த ஓட்டம். ஒரே ஒரு பிறவியாவது யாரும் முந்திக்கொள்ளாமல், யாராவது கேட்டால் தன் வாயில் என்ன வரும் என்று பார்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. அதை யாரிடமும் சொல்லவும் முடியாது. சொன்னால், அதற்கும் அவரே பதில் சொல்வார்.

வண்டி புழுதிப் பாதையில் ஆடி ஆடிப் போனது. மார்கழிக் குளிர். தான் பே முன்னால் வண்டிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து, குதிரை தாமதமாகப் போகிறது என்று குதிரைக்குக் கேட்கும்படியாகவே சொல்லிக்கொண்டு வந்தார். பின்னால் போர்வையைச் சுற்றிக்கொண்டு இரண்டு பெண்களும். மியா யின் மெதுவாக நீலாரின் காதருகே குனிந்தாள். தண்ணீர் வார்க்கிற சமயத்தில் என்னை வெளியே கூப்பிடு, என்ன சாக்கு வேண்டுமானாலும் சொல் என்றாள்.

நீலார் இந்த வேலையில் எத்தனையோ ஜோடிகளைப் பார்த்தவள். விடியற்காலையில் அந்தக் கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லோருமே சேர்ந்து வார்க்கத்தான் வருவார்கள். கிழக்கு ஜன்னல் வழியாக முதல் வெளிச்சம் புத்தர் முகத்தில் விழுகிற நேரத்தில் வார்த்தால் முடிச்சு அவிழாது என்று ஒரு பேச்சு. அந்த நேரம் தவறிவிடக் கூடாது என்று அவளிடம் கெஞ்சியவர்கள் உண்டு. தவற வைக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. முதலில் சிரித்தாள். இருட்டில் கிழவியின் கை தன் மணிக்கட்டை இறுக்கியதும் சிரிப்பு நின்றது.

“தானத்தைத் தடுத்தா பாவம், அத்தை.”

“தடுக்கச் சொல்லலம்மா. கூப்பிடுன்னுதான் சொல்றேன்.”

“மாமாவுக்குத் தெரிஞ்சா?”

“அவருக்கு எப்படித் தெரியும்? அவர் என்னைக்கு என் முகத்தைப் பார்த்து ஒண்ணைத் தெரிஞ்சுக்கிட்டாரு?”

நீலார் கிழவியின் தோளில் போர்வையை இழுத்து விட்டாள். அது சம்மதம்தான் என்று மியா யின் எடுத்துக்கொண்டாள்.

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். நெருஞ்சி முள் பாதத்தில் குத்தியது, செங்கல் தரை பனிக்கட்டியாகச் சில்லிட்டது. பக்கத்துப் பெரிய கோயில்களில் ஏறக் கூடாது என்று பூகம்பத்துக்குப் பிறகு தடை இருப்பதால், வெளியூர்க் கூட்டம் முழுக்க தூரத்து மண்மேட்டில் காமிராவோடு காத்திருந்தது. இங்கே இவர்கள் மட்டும்தான். உள்ளே வௌவால் நாற்றமும் பழைய மெழுகு வாசனையும். நீலாரின் டார்ச் வெளிச்சத்தில் புத்தரின் மடியும் கையும் தெரிந்தன. முகம் இருட்டுக்குள் இருந்தது.

தான் பே வேலையில் இறங்கினார். பூவை அங்கே வை, மெழுகுவர்த்தியை இப்படி ஏற்று, ஆடையின் மடிப்பு இந்தப் பக்கம் வரட்டும். பிக்கு ஒருவரைக் கூப்பிடட்டுமா என்று நீலார் கேட்டதற்கு, புத்தர் இருக்கிறார், சாட்சிக்குப் பூமித்தாய் இருக்கிறாள், போதும் என்றார். ஆடை சாத்தியாயிற்று. பித்தளைத் தட்டை முன்னால் வைத்தார். கிண்ணம் நிறையத் தண்ணீர் ஊற்றினார். பிறகு மூவரும் காத்திருந்தார்கள். நீலார் நழுவி வாசலுக்குப் போனாள்.

ஜன்னலின் செங்கல் விளிம்பு சிவந்தது. ஒரு கீற்று வெளிச்சம் உள்ளே வந்து புத்தரின் தோளைத் தொட்டு, கழுத்தில் ஏறி, தாடையில் நின்றது. மியா யின் ஒரு கணம் தான் எதற்கு வந்தோம் என்பதையே மறந்தாள். அரை இருட்டிலும் அவ்வளவு அமைதியான முகம். யார் என்ன கேட்டாலும் அவசரப்படாமல் கேட்டுக்கொள்கிற முகம்.

“கிண்ணத்தைப் பிடி” என்றார் தான் பே.

வெளியிலிருந்து நீலாரின் குரல் வந்தது. “அத்தை, ஒரு நிமிஷம் இங்க வர்றீங்களா?” பொய் சொல்லிப் பழகாத குரல் என்பது முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் மியா யின் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

தான் பே திரும்பிப் பார்க்கவில்லை. “போ. அடுப்புல ஏதாவது கருகும்.”

அவள் அங்கேயே நின்றாள். கோயில் முழுக்க அந்த வார்த்தை நின்றுகொண்டிருந்தது போலிருந்தது. உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

“நான் ஸ்டேஷன் மாஸ்டர்டி. எது எப்பக் கிளம்பிப் போகுதுன்னு பார்க்கறதுதான் என் பொழப்பு.” அவர் கிண்ணத்தைப் பார்த்தே பேசினார். மகன் விழாவில் மோஹிங்கா. கிணற்றடியில் குழந்தை. போன வருஷம் விறகு. ஒன்று விடாமல் சொன்னார். ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தின் மறுபக்கத்தில் அவள் விரல் வரும் என்று இடம் விட்டுப் பிடித்ததாகச் சொன்னார்.

“அப்புறம் ஏன் கேக்கல?”

“கேட்டா நீ பதில் சொல்லிடுவியேன்னு பயம்.”

அவரிடம் பயம் என்ற ஒன்று இருப்பதே அவளுக்கு இன்றுதான் தெரியும். இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது என்று நின்றபடியே சொன்னாள். “எனக்கு வேண்டாங்க. உங்க மேல கோபமில்ல. நீங்க நல்லவர்தான். ஆனா அடுத்த தடவை நான் தனியா வரணும். எனக்கு என்ன வேணும்னு எனக்கே தெரியாமப் போச்சு.”

சொல்லி முடித்ததும் அவளுக்கே பயமாக இருந்தது. அவர் கத்துவார் என்று நினைத்தாள். அப்படியெல்லாம் இல்லை என்று அவளுக்கே விளக்கம் சொல்வார் என்று நினைத்தாள். வெளிச்சம் புத்தரின் உதட்டுக்கு ஏறியிருந்தது.

“சரி. தள்ளி நில்லு. நான் மட்டும் வார்க்கிறேன். உன் நிழல்கூடப் படாமத் தள்ளி நில்லு” என்றார்.

அவள் தூணோரம் ஒதுங்கினாள். அவர் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கினார். அப்பா அம்மா பெயரைச் சொன்னார், பிள்ளைகளைச் சொன்னார், தாமதமாக ஓடிய ரயில்களில் காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் இந்தப் புண்ணியத்தில் பங்கு என்றார். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தட்டில் விழுந்தது. “மியா யின் எங்க போய்ப் பிறக்கணும்னு நினைக்கிறாளோ அங்க பிறக்கட்டும்” என்றார். “நான் அங்க இல்லாட்டியும்...” என்று தொடங்கியவருக்கு மேலே வரவில்லை. கை நடுங்கியது. வயதான கை, சில வருஷமாகவே சோற்றுக் கவளம்கூடப் பாதி வழியில் சிந்திவிடும். கிண்ணம் ஒரு பக்கம் சரிந்தது.

அவள் எப்போது தூணை விட்டு வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. அவள் கை அவர் கைக்குக் கீழே போய்க் கிண்ணத்தைத் தாங்கியிருந்தது. சரிந்த கிண்ணம் நிமிர்ந்தது, நடுக்கம் நின்றது. தண்ணீர் மறுபடி ஒழுங்காக, சொட்டுச் சொட்டாக விழுந்தது. கடைசிச் சொட்டு விழுகிறவரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். புத்தரின் முகம் முழுக்க வெயில்.

கிண்ணம் காலியான பிறகுதான் மியா யின் தன் விரல்களைப் பார்த்தாள். நாற்பது வருஷத்து ஓட்டமும் அங்கே ஈரமாக இருந்தது. வாசலில் நீலார் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

தான் பே பதறிப்போனார். “இது சேராது” என்றார் அவசரமாக. “நான் சிந்திடுவேன்னுதான் பிடிச்ச. எண்ணமில்லாத காரியத்துக்குப் பலன் இல்லன்னு புத்தரே சொல்லியிருக்காரு. நீலார், நீயே சாட்சி சொல்லும்மா. அவ நினைச்சுப் பிடிக்கல. அவளுக்கு அப்படி எண்ணமே கிடையாது.”

அவளை அந்த முடிச்சிலிருந்து விட்டுவிடத்தான் அவர் அவ்வளவு பாடுபட்டார். அது மியா யின்னுக்குப் புரியாமலில்லை. புரிந்தும், நாற்பது வருஷக் கோபமும் ஒன்றாகக் கிளம்பி வந்தது. கிண்ணம் நிமிர்ந்த பிறகு அவள் கையை எடுத்திருக்கலாம். அப்போது பாதித் தண்ணீர் மிச்சமிருந்தது. எடுக்க வேண்டும் என்று ஞாபகமும் வந்தது. எடுக்கவில்லை. இது அவளுக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

“நீங்க சும்மா இருங்க” என்றாள். “நான் நினைச்சேனா இல்லையான்னு நான்தானே சொல்லணும்?”

தான் பே வாயை மூடிக்கொண்டார். மூடியது மூடியபடியே இருந்தது. கைகட்டி நிற்கிற பள்ளிக்கூடப் பையன் மாதிரி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மியா யின் அவசரப்படவில்லை. போர்வை நுனியில் விரலைத் துடைத்தாள், காலி கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள், தனக்கு என்ன சொல்ல வருகிறது என்று நிதானமாகப் பார்த்தாள்.

“நினைச்சுத்தான் பிடிச்சேன்” என்றாள். “ஆனா அடுத்த பிறவியிலயும் எனக்காக நீங்க பதில் சொன்னா, பாதி வழியில இறங்கிடுவேன்.”

தானம் முடிந்ததும் ‘நன்று’ என்று சொல்கிற வாழ்த்தை, சாது, சாது, சாது என்று, வாசலில் நின்று நீலார்தான் சொன்னாள். தான் பே தலையை மட்டும் ஆட்டினார்.