பூஜை போடாத வண்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நாலு, ஆடி மாதம். கல்கத்தாவில் எங்கள் பவானிபூர் வீட்டு வாசலில் இரண்டு மோட்டார்கள் நின்றன. பழையது என் கல்யாணத்துக்கு முந்தியே வந்தது. முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் கிளம்பும், அதுவும் அது மனசு வைத்தால். மழை பட்டால் போச்சு, எருமை மாதிரி நின்றுவிடும். புதியது திங்கட்கிழமைதான் வந்தது. ஒரு குமிழை அமுக்கினால் போதும். மின்சார விளக்கு வேறு.

"நம்ம மீனாக்ஷிகூட ஸ்டார்ட் பண்ணிடுவா" என்று என் வீட்டுக்காரர் சிவராமகிருஷ்ணன் பெருமையடித்துக்கொண்டார். மீனாக்ஷி எங்கள் ஒரே பெண். நாலு வயசு.

"வெள்ளிக்கிழமை காளிகாட்டுல பூஜை ஆகட்டும். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெக்காம யாரும் ஏறப்படாது" என்றேன். அந்த வீட்டில் நான் சொன்னால் சொன்னதுதான்.

குழந்தைக்கு இரண்டு நாளாக ஜுரம், தொண்டை வலி. சாதாரணச் சளி என்று கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை காலை மூச்சு விட முடியாமல் திணறினாள். உதடு நீலம் பாய்ந்துவிட்டது. வெளியே கொட்டுகிற மழை. அவர் ஓடிப்போய்ப் புது வண்டியின் கதவைத் திறந்தார்.

"ஐயோ, அது வேண்டாம்னா! பூஜை போடாத வண்டியில குழந்தையை ஏத்தப்படாது. பழசை எடுங்கோ!"

"மழைடி, சாவித்ரி. அது கெளம்பாது."

"கெளம்பும். சுத்துங்கோ!"

சுற்றினார். கைப்பிடி திருப்பி உதைத்து வலது மணிக்கட்டு வீங்கிப் போயிற்று. இடது கையால் சுற்றினார். நான் பழைய வண்டிக்குள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "இன்னும் ஒரு தரம், இன்னும் ஒரு தரம்" என்று கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு கோஷ் பாபு குடையோடு ஓடி வந்து, "நோதுன் காடி, பௌதி!" புது வண்டி, அண்ணி, என்று வங்காளியில் கத்தி அதைக் காட்டினார். என் வீட்டுக்காரரும் இரண்டு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு தரமும் தலையை ஆட்டி மறுத்தேன். இந்தப் பாழும் தலையை!

அரை மணி கழித்துப் பழையது கிளம்பியது. சௌரங்கி தாண்டும்போது குழந்தையின் இழுப்பு நின்றது. பாவி நான், தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"கால் மணி முன்னால் வந்திருந்தால் தொண்டையில் துளை போட்டுக் காப்பாற்றியிருப்பேன்" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

மறு வாரம் மெட்ராஸ் மெயிலில் என் அப்பா வந்து இறங்கினார். வாசலைப் பார்த்தார். கூடத்தில் உட்கார்ந்ததும் கேட்டார்.

"புது வண்டி நிக்கறதே மாப்பிள்ளை, அதை எடுத்திருக்கப்படாதோ?"

நான் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு அதை ஓட்டிப் பழக்கமில்லை. என் தப்புதான்" என்றார்.

"நீரெல்லாம் ஒரு தகப்பனா?" என்று ஆரம்பித்தார் அப்பா. வாயில் வந்ததையெல்லாம் கொட்டினார். இவர் தலை நிமிரவில்லை. ஊரையே வாயால் அடக்குகிறவள் நான், அடுக்களைக்குள் போய் அப்பாவுக்குக் காபி கலந்தேன்.

ஆறு வருஷம் ஆகிறது. அப்பா இன்னும் இவரோடு பேசுவதில்லை. நானும் இன்னும் சொல்லவில்லை.